ஓதம் ஏறும் அறைக்கு டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் மெஷின்): அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கும்பகோணம் பக்கம், அரசலாற்றை ஒட்டிய பழைய ஓட்டு வீடு. ஐப்பசி, கார்த்திகையில் தரையிலிருந்து ஓதம் ஏறி, காமரா உள் என்கிற உள்ளறையில் சுவர் இடுப்பளவுக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. அம்மாவின் பட்டுப்புடவைகள், தாத்தா கைப்பட எழுதிய நோட்டுகள் எல்லாம் அங்கேதான். பூஞ்சை வாடை தாங்கவில்லை. அம்மாவுக்கு இளைப்பு வேறு. அறைக் காற்றில் ஈரப்பதம் 85 சதவீதம் காட்டுகிறது. 60க்குக் கீழே இறங்கினால்தான் பூஞ்சை அடங்கும்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்கு கம்ப்ரஸர் வகைதான் சரிவரும். 10க்கு 12 அடி அறைக்கு, நாளைக்கு எத்தனை லிட்டர் இழுக்கும் மெஷின் வேண்டும்? ஓஸ் போட்டுத் தண்ணீரை முற்றத்தில் விடலாமா? கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

சுவரைக் கவனிக்காமல் மெஷின் மட்டும் போட்டுப் பயனில்லை. சிமெண்ட் பூச்சைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனார் குடந்தை, தஞ்சாவூர் வட்டாரத்தில் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். அடைமழைக்கு முன் முடித்தாக வேண்டும்.