ஜார்ஜ் ஹரெல் எடுத்த நட்சத்திரப் படங்கள்: அந்தப் பொலிவு விளக்கால் வந்ததா, டச்சிங்கால் வந்ததா?

நிழல்விரும்பி (கேள்வி):
1930களில் ஹாலிவுட் நட்சத்திரங்களை எம்.ஜி.எம். திரைப்பட நிறுவனத்துக்காகப் புகைப்படமெடுத்த ஜார்ஜ் ஹரெலின் கருப்பு வெள்ளைப் படங்களை அண்மைக்காலமாக ஊன்றிப் பார்த்து வருகிறேன். ஜோன் கிராஃபோர்ட், ஜீன் ஹார்லோ, நார்மா ஷியரர் ஆகியோரின் முகங்களில் ஒரு சுருக்கமும் இல்லை. ஆனால் இமைமயிர்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. மென்மையாகக் காட்டும் லென்ஸைப் பயன்படுத்தியிருந்தால் இமையும் சேர்ந்தல்லவா மங்கியிருக்கும்? இது விளக்கு வைத்த முறையால் வந்ததா, நெகட்டிவில் கையால் குறைகளைத் திருத்தும் டச்சிங் வேலையா? பின்னதுதான் என்றால், பாராட்டில் ஹரெலுக்கு உரிய பங்கு எவ்வளவு என்பதையும் அறிந்தவர்கள் சொல்லுமாறு வேண்டுகிறேன்.

பழைய நெகட்டிவ்:
இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பொலிவைத் தந்தன. ஒன்றை நம்பியே மற்றொன்று செய்யப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். முகத்தில் கனமான பூச்சு இருப்பதை ஹரெல் விரும்பவில்லை. கண்ணுக்கும் உதட்டுக்கும் மட்டும் மை தீட்டச் செய்து, தோலைத் தன் இயல்பான மினுமினுப்போடு விட்டுவிடுவார், சில நேரம் சிறிது எண்ணெயும் தடவச் செய்வார். அந்த மினுமினுப்பில் விளக்கின் ஒளி பட்டுத் தெறிப்பதைத்தான் நீங்கள் பொலிவு என்கிறீர்கள். ஆனால் பூச்சில்லாத தோலைக் கூர்மையான லென்ஸில் எடுத்தால் எல்லாக் குறைகளும் பதிவாகிவிடும். 1931-இல் எடுத்த ஜோன் கிராஃபோர்டின் படம் ஒன்று டச்சிங்குக்கு முன்னும் பின்னும் கிடைக்கிறது. முன்னதில் முகமெங்கும் செம்புள்ளிகள், கண்ணைச் சுற்றி மெல்லிய கோடுகள். பின்னதில் அவை எதுவும் இல்லை. அந்த வேலையைச் செய்தவர் ஜேம்ஸ் ஷார்ப் என்ற டச்சிங் கலைஞர். ஹரெலைப் பற்றிப் பேசும் இடத்திலெல்லாம் அவர் பெயரையும் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேலையின் முறை இதுதான். சுருக்கம் அச்சில் கருப்பாக விழுகிறது என்றால், நெகட்டிவில் அவ்விடம் தெளிவாக, அடர்த்தி குறைந்து இருக்கிறது என்று பொருள். பென்சிலை ஊசிபோலக் கூராக்கி, அந்த இடத்தில் மட்டும் மிக மெல்லிய கீறல்களாகக் கரியை ஏற்றினால், அடர்த்தி சுற்றுப்புறத்தோடு சமமாகி, அச்சில் சுருக்கம் மறைந்துவிடும். நம் ஊர் ஸ்டூடியோக்களில் டச்சிங் மேசைக்கு முன் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. இமையில் பென்சில் படாததால் அதன் கூர்மை அப்படியே நிற்கிறது. உங்கள் முதல் ஐயத்துக்கு இதுவே விடை.

திரைவாசகி:
டச்சிங் பற்றி மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் பங்கு பற்றிய கேள்விக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதே எம்.ஜி.எம். நிறுவனத்தில் கிளாரன்ஸ் சின்கிளேர் புல் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த நடிகை கிரேட்டா கார்போவின் படங்களும் டச்சிங் ஆனவைதாம். ஆனாலும் அவற்றை ஹரெலின் படங்களோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். பென்சில் பொதுவாக இருக்க, வேறுபாட்டைத் தந்தது விளக்கும் பழகும் விதமும்தான். நீண்ட கம்பத்தின் முனையில் விளக்கைத் தொங்கவிட்டு, தலைக்கு மேல் எந்த இடத்துக்கும் நகர்த்தும் ஏற்பாட்டை ஹரெல் பெரிதும் பயன்படுத்தினார். கன்ன எலும்பின் கீழே ஆழ்ந்த நிழலும், கூந்தலில் ஒளியும், கன்னத்தில் இமையின் நிழலும் விழுவது அதனால்தான். நிழலை வேறு விளக்கால் நிரப்பிவிட வேண்டும் என்ற பதற்றம் அவரிடம் இல்லை. ஓவியம் பயின்று, 1925-இல் கலிபோர்னியாவின் லகூனா பீச்சுக்கு ஓவியராகவே வந்தவர் என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது.

அவருக்கு அந்த வேலை கிடைத்த கதையே இதற்குச் சான்று. விமானி பாஞ்சோ பார்ன்ஸ் வழியாக நடிகர் ரமோன் நவாரோ அவரிடம் படம் எடுத்துக்கொண்டார். அவற்றைக் கண்ட நார்மா ஷியரர் 1929-இல் ஹரெலைத் தேடி வந்தார். எம்.ஜி.எம்.மின் தயாரிப்புத் தலைவரும் தம் கணவருமான இர்விங் தால்பெர்க், ‘தி டிவோர்சி’ படத்தின் துணிச்சலான நாயகி வேடத்துக்குத் தம்மைப் பொருத்தமானவராகக் கருதவில்லை என்பதே அவருடைய குறை. ஹரெல் எடுத்த படங்களைக் கண்ட தால்பெர்க் மனம் மாறினார். அவ்வேடம் ஷியரருக்கு ஆஸ்கர் பெற்றுத் தந்தது, ஹரெலுக்கு 1930-இல் எம்.ஜி.எம்.மில் வேலை கிடைத்தது. குடும்பப்பாங்கான ஒரு நடிகைக்குள் இன்னொரு பெண்ணைக் காண்பது பென்சிலால் ஆகும் காரியமன்று. இசைத்தட்டை ஓடவிட்டு, துள்ளிக் குதித்து, வேடிக்கை பேசி நடிகர்களை இளகவைப்பது அவர் வழக்கம். கார்போவிடம் மட்டும் அது எடுபடவில்லை. ஒரே ஒரு முறைதான் அவர் ஹரெலின் கேமராவுக்கு முன் அமர்ந்தார்.

நிழல்விரும்பி:
இருவருக்கும் நன்றி. இத்தனை சிறப்பான முறை பிற்காலத்தில் ஏன் வழக்கொழிந்தது?

பழைய நெகட்டிவ்:
காலத்தின் சுவை மாறியது ஒரு காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பத்திரிகைகள் நட்சத்திரங்களை வீட்டிலும் தெருவிலும் இயல்பாகக் காட்டவே விரும்பின. அதைவிடப் பெரிய காரணமாக நான் கருதுவது நெகட்டிவின் அளவு. ஹரெல் பயன்படுத்தியது 8-க்கு 10 அங்குல நெகட்டிவ். அதில் ஒரு முகம் உள்ளங்கை அளவுக்கு இருக்கும், பென்சில் தாராளமாக நடமாடலாம். பின்னாளில் பரவலான 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் முழு அளவே 24-க்கு 36 மி.மீ. தான், அதில் கண்ணோரச் சுருக்கத்தைத் தேடிப் பென்சில் வைப்பது எவ்வளவு கைதேர்ந்தவராலும் இயலாது.