'வெனீர்' என்றால் என்ன அர்த்தம்?

மன்னார்குடி மாணவி:
போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு பத்தியில் ஒரு ஆளைப் பற்றி 'எ தின் வெனீர் ஆஃப் பொலைட்னஸ்' (மரியாதையின் மெல்லிய வெனீர்) என்று வந்தது. அகராதியில் பார்த்தால் 'மெல்லிய மரத்தகடு' என்கிறது. மரியாதைக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்? 'ஃபசாட்' என்றும் எழுதலாமா?

கும்பகோணம் தச்சுப்பட்டறை:
இது எங்கள் தொழில் சொல், தங்கச்சி. தேக்கை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி, பிளைவுட் மேல் பசை போட்டு ஒட்டுவோம். அதுதான் வெனீர். முன்னால் நின்று பார்த்தால் முழுத் தேக்குக் கதவுதான். விளிம்பைப் பார், அடுக்கடுக்காகத் தெரியும். ஐப்பசி அடைமழையில் கீழ் ஓரம் தண்ணீர் குடித்தால் உப்பிக்கொண்டு உரிந்துவிடும். அந்த ஆள் மரியாதையும் அப்படித்தான், கோபம் வந்தால் உரியும். அதற்காக வெனீர் என்றாலே ஏமாற்று என்று நினைக்காதே. முழுத் தேக்கு என்று சொல்லி விற்றால்தான் ஏமாற்று!

தஞ்சாவூர் வாத்தியார்:
'ஃபசாட்' பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் இத்தாலிய மொழியில் முகத்தைக் குறிக்கும் சொல். கட்டடத்தின் முகப்பு என்று பொருள். அதற்குப் பின்னால் ஆளே ஒளிந்துகொள்ளலாம், பயத்தை மறைக்கும் தைரிய முகம் மாதிரி. வெனீரில் அது நடக்காது, அவ்வளவு மெல்லிசு. உன் பத்தியில் 'தின்', அதாவது மெல்லிய என்ற சொல், இருப்பதால் வெனீரே சரி.

மன்னார்குடி மாணவி:
நன்றி சார். அண்ணா, பல்லுக்குப் போடுகிற வெனீரும் இதுதானா?

கும்பகோணம் தச்சுப்பட்டறை:
அதே யோசனைதான். தகடும் பசையும்தான் வேறு.