‘ரெசிஸ்டன்ஸ்’: எதிர்ப்பா, மசியாமையா?

ந.:
குழுவினருக்கு வணக்கம். நவம்பர் 18–24, கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போவது பற்றிய உலக விழிப்புணர்வு வாரத்துக்காக ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொடுக்கும் துண்டறிக்கை திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதைச் சொல்லும் ‘ஆன்டிபயாடிக் ரெசிஸ்டன்ஸ்’ என்பதைத் தமிழாக்குவதில் வந்து நிற்கிறது வேலை. ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்று பலர் எழுதுகிறார்கள். அது நுண்ணுயிரை எதிர்ப்பது என்று தலைகீழாகப் பொருள்படுகிறதே?

மரு. செ.:
‘எதிர்ப்பு’ என்ற சொல்லே இங்கே ஆபத்து. எதிர்ப்புச் சக்தி என்றதும் மக்களுக்கு உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்திதான் நினைவுக்கு வரும். ‘எதிர்ப்புத்திறன் கூடிவிட்டது’ என்று எழுதினால் நல்ல செய்தியாகவே படிப்பார்கள். மாறுவது கிருமி, உடம்பு அன்று. பெனிசிலின் வேலை செய்யத் தேவையான அதன் பீட்டா-லாக்டம் வளையத்தை உடைக்கும் நொதியைக் கிருமி சுரக்கிறது. அல்லது உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகிறது. அல்லது மருந்து பற்றும் இடத்தையே மாற்றிக்கொள்கிறது. எந்தச் சொல்லை எடுத்தாலும் கிருமி எழுவாயாக நிற்கட்டும்.

இரா.:
‘மருந்து எதிர்ப்பு’ம் உதவாது. ‘மது எதிர்ப்பு’, ‘இந்தி எதிர்ப்பு’ போல இரண்டாம் வேற்றுமைத் தொகையாக விரிந்து, எதிர்ப்பவர் மனிதர் என்றே தோன்றும். ‘மருந்துக்கு மசியாத கிருமி’ என்று போடுங்கள். பெயராக்கினால் ‘மருந்துக்கு மசியாமை’. ‘கு’ என்ற நான்காம் உருபை மட்டும் மறைக்க வேண்டாம்: ‘மருந்து மசியாமை’ என்றால் மாத்திரை குழையவில்லை என்றாகிவிடும்.

பு.:
மசி என்றால் எழுதும் மை, அது வடசொல். கிருமியும் வடசொல். ‘மருந்துவெல் நுண்ணுயிரி’ என்ற வினைத்தொகை தூய தமிழில் இருக்கிறதே, ஐயா.

இரா.:
மை என்னும் மசி வேறு, குழைதலைக் குறிக்கும் மசி வேறு. கீரை மசியலில் இருப்பது பின்னது. குழைதலிலிருந்துதான் இணங்குதல் என்ற பொருள் வந்தது. ‘எதற்கும் மசியமாட்டான்’ என்பது ஊரெல்லாம் புழங்கும் வழக்கு. ‘அடங்காமை’யையும் எண்ணிப் பார்த்தேன். அடக்கமுடைமை அதிகாரம் படித்தவருக்கு அது ஒழுக்கக்கேடாகத் தொனிக்கும்.

மரு. செ.:
நுண்ணுயிரியில் பாலைத் தயிராக்குவதும் அடக்கம். நோயாளிக்குத் தெரிந்த சொல் கிருமி, அதை விடக்கூடாது.

வா.:
இலங்கைப் பாடநூலில் ‘பிறபொருளெதிரி’ என்றால் ஆன்டிபாடி. ஆகவே எதிர் என்ற அடியை ஒதுக்குவது எங்களுக்கும் நல்லது. ‘தாங்குதிறன்’ ஆகாதா?

மரு. செ.:
ஆகாது, அது டாலரன்ஸுக்கு வேண்டும். ரெசிஸ்டன்ஸில், வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்துச் செறிவு உயர்கிறது. டாலரன்ஸில் அந்தச் செறிவு மாறாது. கிருமி சாவதுதான் தாமதமாகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் மாணவர் குழம்புவார்.

ந.:
ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் என்ற மருந்துகள் இரண்டுக்கும் மசியாத காசநோய் என்று எழுதிப் பார்த்தேன், தடையின்றிப் படிக்க முடிகிறது. துண்டறிக்கையில் இப்படிப் போகிறது: ‘ஆன்டிபயாடிக்கைத் தேவையில்லாமல் சாப்பிட்டால், அந்த மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகும். சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ். அதை ஆன்டிபயாடிக் கொல்லாது.’

பு.:
துண்டறிக்கைக்குச் சரி. பாடநூலுக்கு ‘மசியாமை’யை ஏற்க மாட்டேன். ‘மசியாமைக் காரணி’, ‘மசியாமை மரபணு’ என்று அடுக்கிப் பாருங்கள். ‘எதற்கு’ என்பது விடுபட்டுப்போகிறது. கலைச்சொல் பட்டியலில் என் மறுப்பையும் சேர்த்தே பதியுங்கள்.