பாம்பெய் வீடும் எங்கள் வளவும்

பள்ளத்தூர்க்காரி:
பழைய ரோமானிய நகரமான பாம்பெய் வீட்டுப் படம் ஒன்றைப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. வாசலில் நின்றால் பின்பக்கம் வரைக்கும் நேராகப் பார்வை போகிறது. நடுவில் கூரை திறந்திருக்கிறது, சுற்றிலும் அறைகள். எங்கள் செட்டிநாட்டு வீட்டின் வளவும், அதாவது முற்றமும் சுற்றுக்கட்டும், அப்படித்தான். ஐப்பசி மழைக்கு அப்பத்தா நாலு மூலையிலும் பித்தளை அண்டா வைப்பார்கள். கூரை ஓடுகளைக் கழுவி வரும் முதல் தண்ணீரை விட்டுவிட்டு அடுத்ததைத்தான் பிடிப்பார்கள். நம் ஆட்கள் கடல் தாண்டிக் கொண்டுவிற்கப் (வியாபாரத்துக்குப்) போன இடத்தில் பார்த்துவந்து கட்டியதா இது? ரோமானியர்களைப் பற்றி முறையாகப் படிக்க ஆசை. 52 வயதில் எங்கே ஆரம்பிப்பது?

தேவகோட்டை வாத்தியார்:
ஆச்சி, முற்றம் நம்மிடம் வெகுகாலமாக உண்டு, அங்கேயிருந்து வரவேண்டியதில்லை. பாம்பெய் கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர். 1748இல்தான் தோண்ட ஆரம்பித்தார்கள். நடுக்கூடத்தை ஏட்ரியம் என்பார்கள். நடுவில் ஆழமில்லாத தொட்டி, அதிலிருந்து தரைக்கடியில் இருக்கும் நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் இறங்கும். அதைவிட என்னை உலுக்கியது வேறு. பெரிய பதவி வகித்த முன்னோரின் முகத்தை மெழுகில் செய்து அந்தக் கூடத்திலேயே மரப் பேழைக்குள் வைத்திருப்பார்கள். வீட்டில் சாவு விழுந்தால் அந்த முகங்களைப் போட்டுக்கொண்டு ஆட்கள் ஊர்வலத்தில் நடப்பார்கள். செத்த பாட்டன், பூட்டன் எல்லோரும் கூடவே வருகிற மாதிரி. நம் வீட்டுச் சுவரில் வரிசையாய் மாட்டிய ஐயாக்களின் படங்களை நினைத்துக்கொண்டேன்.

ஆலங்குடிப் பையன்:
வீடு வழியாகத் தொடர்பு இல்லாவிட்டாலும் காசு வழியாக உண்டு, அக்கா. எங்கள் பக்கம் கருக்காகுறிச்சியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் மேல் வெட்டுக் கோடு. மறுபடி காசாகப் புழங்கவிடாமல் பொன்னாக மட்டும் எடைபோட வெட்டியிருக்கலாம் என்கிறார்கள். அகநானூறு 149ஆம் பாட்டையும் படியுங்கள். யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர் கப்பல் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’. கறி என்றால் மிளகு.

தேவகோட்டை வாத்தியார்:
எங்கே ஆரம்பிப்பது என்றீர்களே, ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி, வரலாற்றாசிரியர் டாசிடஸுக்கு அந்த வெசுவியஸ் வெடிப்பைப் பற்றி எழுதிய இரண்டு கடிதங்கள் போதும். எரிமலை வெடித்தபோது பிளினிக்கு 17 வயது. மொழிபெயர்ப்பில் படியுங்கள், லத்தீன் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளத்தூர்க்காரி:
முதல் கடிதத்தை முடித்துவிட்டேன், அண்ணே. புகை பைன் மரம் போல எழுந்தது என்கிறார். அந்த மரத்தின் படத்தைத் தேடினால் குடை விரித்தாற்போல் இருக்கிறது, நம் கண்மாய்க்கரை குடைவேல மரமேதான். பிளினியின் தாய்மாமா கப்பலில் கூட வரச்சொல்லிக் கூப்பிடுகிறார், இந்தப் பிள்ளை படிக்க வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டது. மாமா திரும்பவில்லை. மத்தியானம் வளவில் உட்கார்ந்து அதை இரண்டு தரம் படித்தேன். அடுத்த கடிதம் இன்று ராத்திரி.