கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலத்தில் வீட்டில் என்ன செய்வீர்கள்?

கேள்வி (கோத்தகிரி):
நட்சத்திரம் கட்டி கேக் வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் இருவரும் சின்னவர்கள். செலவில்லாமல் என்ன செய்யலாம்?

பதில் (கொடைக்கானல்):
தாம்பாளத்தில் சைப்ரஸ் கிளையை வளைத்து மூன்று ஊதா, ஒரு ரோஸ் மெழுகுவத்தி வையுங்கள் தங்கச்சி. ஞாயிறுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்ற வேண்டும். ரோஸ் மூன்றாம் ஞாயிறுக்கு. கிளை காய்ந்தால் சட்டென்று தீப்பிடிக்கும், வாராவாரம் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் இயேசு பிறந்த கொட்டகையைக் காட்டும் குடில். புல்லுக்குக் கேழ்வரகு விதைப்பேன். இந்தக் குளிரில் லேசில் முளைக்காது. ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி அடுப்பு ஓரம் வைத்தால்தான் வெள்ளையாய் முளை எட்டிப்பார்க்கும். புல்லுக்குப் பதிலாகச் சோலைக்காட்டுப் பாசியை மட்டும் உரிக்காதீர்கள். பாவம், அது மெதுவாக வளர்வது.

டிசம்பர் 24 இரவுப் பூசை முடியும்வரை குடிலில் குழந்தை இயேசுவின் தொட்டில் காலிதான். பிள்ளைகள் யாருக்காவது உதவினால் அதில் ஒரு வைக்கோல் போடலாம். எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும்.

பதில் (குன்னூர்):
குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்கள் (பொம்மைகள்தான்) எங்கள் வீட்டு ஜன்னலில் கிளம்பி, தினம் கொஞ்சம் நகர்ந்து ஜனவரி 6 அன்றுதான் குடிலுக்கு வருவார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. வைக்கோலுக்கு எங்கே போவது?

கொடைக்கானல்:
பழக்கடையில் கேளுங்கள். பெட்டிக்குள் போட்டு வருவதைச் சும்மாவே கொடுப்பார்கள்.