சேலஞ்சரைக் கொடுத்துவிட்டு கேமன் வாங்கலாமா?

கரிசல்காட்டான் (சீடர் பார்க், டெக்சஸ்):

வணக்கம் மக்களே. வீட்டில் கேட்டால் "ரெண்டும் வேண்டாம், ஒடிஸிக்கு டயர் மாத்துங்க" என்ற ஒரே பதில்தான் வருகிறது (ஒடிஸி எங்கள் குடும்ப வேன்). அதனால் இங்கே கேட்கிறேன்.

என்னிடம் இருப்பது 2019 டாட்ஜ் சேலஞ்சர் ஸ்கேட் பேக். 6.4 லிட்டர் ஹெமி வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், 485 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். 41,000 மைல் ஓடியிருக்கிறது, கடன் முடிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு டீலரிடம் 2018 போர்ஷே 718 கேமன் நிற்கிறது, அதுவும் மேனுவல். விலை 46,500 டாலர். என் வண்டிக்கு 29,500 தருகிறேன் என்கிறார். மீதி 17,000 கையிலிருந்து போட வேண்டும்.

சேலஞ்சரில் குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. 130 டோல் ரோட்டில் 85 மைல் வரை சட்டமே அனுமதிக்கிறது. அங்கே ஏறும்போது மூன்றாவது கியரில் ஒரு அழுத்து அழுத்தினால், அன்றைக்கு ஆபீஸில் நடந்தது எல்லாம் மறந்துபோகும். ஆனால் எனக்கு இப்போது பிடித்துப்போனது சனிக்கிழமை விடிகாலையில் லைம் க்ரீக் ரோடு. ஏரியை ஒட்டி வளைந்து வளைந்து போகிற சின்ன ரோடு. அங்கே என் வண்டி திணறுகிறது. வளைவுக்கு வெகு முன்பே பிரேக், அப்புறம் மூக்கு திரும்பும் வரை காத்திருப்பு, அப்புறம் கொஞ்சம் கேஸ் (ஆக்ஸிலரேட்டர்), அதற்குள் அடுத்த வளைவு. கேஸைத் திறக்கவே இடமில்லை.

தயக்கம் மூன்று. ஒன்று, 2023 டிசம்பரோடு பிராம்ப்டன் ஆலையில் சேலஞ்சர் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இனி வராத வண்டியை விற்கலாமா? இரண்டு, பிள்ளைகள்: மகளுக்கு 9, மகனுக்கு 5. சேலஞ்சரின் பின்சீட்டில் இரண்டு பேரும் தாராளமாக உட்காருவார்கள். கேமனில் பின்சீட்டே இல்லை. மூன்று, போர்ஷே பராமரிப்பு யானையைக் கட்டித் தீனி போடும் கதை என்கிறார்கள். உண்மையா?

இரண்டையும் வைத்துக்கொள் என்று சொல்லாதீர்கள். கராஜில் இரண்டு வண்டிக்குத்தான் இடம். தெருவில் நிறுத்தினால் எங்கள் குடியிருப்பு சங்கத்திலிருந்து மறுநாளே கடிதம் வரும்.

வி8 விசுவாசி:

விற்காதே. விற்றுவிட்டு ஆறு மாதம் கழித்து இதே இடத்தில் "ஸ்கேட் பேக் எங்கே கிடைக்கும்" என்று கேட்டு வராதே. அவ்வளவுதான்.

டெட்ராய்ட் தாத்தா:

தம்பி, முப்பது வருஷம் இந்த ஊரில் கார் கம்பெனிகளுக்கு சஸ்பென்ஷன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உன் வண்டி திணறவில்லை. எதற்காகப் பிறந்ததோ அதைச் செய்கிறது.

1964 மாடலாக ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவிலிருந்து ஜிடிஓ என்ற கார் வந்தது. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு உள்விதி இருந்தது. பான்டியாக் ஆட்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். டெம்பெஸ்ட் என்ற சாதாரண வண்டியின் விலைப்பட்டியலில் 389 கன அங்குல எஞ்சினை "ஆப்ஷன்" என்று சேர்த்துவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பார், அதுவும் ஏறக்குறைய 6.4 லிட்டர்தான். குடும்பக் காரின் உடம்பு, பெரிய எஞ்சின், நேர் ரோடு. மசில் காரின் சூத்திரம் அன்றைக்கு எழுதியதுதான், இன்றுவரை மாறவில்லை.

உன் சேலஞ்சரும் டாட்ஜின் சார்ஜர் செடானுக்கு உறவுக்காரன். எடை 1,900 கிலோவுக்குக் கிட்டே. கேமன் ஏறக்குறைய 1,350. அதாவது எப்போதும் ஏழெட்டு பேரைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு நீ வளைவில் திரும்புகிறாய். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் உன்னுடையதில் 116 அங்குலம், கேமனில் 97. அதைவிட முக்கியமானது எடை இருக்கும் இடம். உன் ஹெமி முன்னச்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கேமனின் எஞ்சின் உன் முதுகுக்குப் பின்னால், பின்னச்சுக்கு முன்னால். முன் டயர் மேல் சுமை குறைவு. அதனால்தான் ஸ்டியரிங்கைத் தொட்டதும் மூக்கு போகிறது.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வாங்கு. அந்த 718-ல் இருப்பது 2 லிட்டர் டர்போ, 300 குதிரைத்திறன். சிக்னலில் உன் பழைய வண்டி பக்கத்தில் வந்து நின்றால் அதுதான் முதலில் போகும். அதைச் சிரித்துக்கொண்டே பார்க்க முடியுமானால் வாங்கு. முடியாது என்றால் காசை மிச்சப்படுத்து.

"இனி வராத வண்டி" விஷயம்: நிறுத்திய வண்டி எல்லாம் தங்கமாகிவிடாது. ஸ்கேட் பேக்கை ஆயிரக்கணக்கில் செய்தார்கள். விலை ஏறும் என்று கராஜில் பூட்டிவைத்தால், ஓட்டாத வண்டியின் பேட்டரியைத்தான் மாற்றிக்கொண்டிருப்பாய்.

ஸ்பேனர் (ஹூஸ்டன்):

நான் தனியார் ஒர்க்‌ஷாப்பில் ஜெர்மன் வண்டிகள் பார்க்கிறவன். முதலில் காசு. டெக்சஸில் வண்டி வரி 6.25 சதவீதம். டிரேட்-இன் (பழைய வண்டியை டீலரிடமே மாற்றாகக் கொடுப்பது) செய்தால் வித்தியாசத்துக்கு மட்டும்தான் வரி. உங்கள் கணக்கில் 17,000-க்கு வரி 1,062 டாலர். டிரேட் இல்லாமல் 46,500-க்குக் கட்டினால் 2,906. வித்தியாசம் 1,844. ஆகவே வெளியே நேரடியாக விற்பதென்றால் 31,350-க்கு மேல் கிடைத்தால்தான் லாபம். நல்ல நிலையில் இருக்கும் மேனுவல் ஸ்கேட் பேக் அதற்கு மேலேயே போகும் என்பது என் எண்ணம். டீலர் உங்களைச் சோதித்துப் பார்க்கிறார்.

பராமரிப்பு: யானை அளவுக்கு இல்லை, ஆனால் ஹெமியைப் போலவும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஃப்ளூயிட், நாலு வருஷத்துக்கு ஒருமுறை பிளக். ஹெமியிலும் பதினாறு பிளக் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. டயர்தான் உறைக்கும். உங்கள் சேலஞ்சரில் நாலும் ஒரே அளவு, முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஓட்டலாம். கேமனில் பின் டயர் அகலம், மாற்ற வழியில்லை. பின்னால் இருக்கும் இரண்டும் சீக்கிரம் தேயும்.

அப்புறம் சத்தம். வி8-லிருந்து 718-க்குப் போகிற பாதிப் பேர் அதைத்தான் குறையாகச் சொல்கிறார்கள். அதில் நாலு சிலிண்டர், சத்தத்தில் சுபாரு காரின் சாயல் அடிக்கும். அதே காசுக்கு முந்தைய தலைமுறை, 981 கேமன் எஸ் பாருங்கள். அமெரிக்காவில் 2014 முதல் 2016 மாடல் வரை. 3.4 லிட்டர், டர்போ இல்லாத ஆறு சிலிண்டர், 325 குதிரைத்திறன். ஐ.எம்.எஸ். பேரிங் (பழைய போர்ஷே எஞ்சின்களுக்குள் உடைந்து எஞ்சினையே கெடுக்கக்கூடிய ஒரு பேரிங்) பயம் 2008 வரை வந்த வண்டிகளோடு முடிந்தது, இதற்கு அது கிடையாது.

எதை வாங்கினாலும் டீலர் காட்டுகிற இன்ஸ்பெக்‌ஷன் தாளை நம்பாமல் வெளி ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்கள். எஞ்சின் கம்ப்யூட்டரில் ஓவர்-ரெவ் பதிவு, அதாவது எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றிய பதிவு இருக்கும். மேனுவல் வண்டிக்கு அது ஜாதகம் மாதிரி. பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வைகைக்கரை (டாலஸ்):

நான் 2015 கேமன் ஓட்டுகிறேன், 2.7 லிட்டர். தினமும் ஆபீஸுக்கு அதுதான். யாரும் சொல்லாததைச் சொல்கிறேன்.

முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி. முன்னது ஆழமான குழி, 20 பவுண்டு அரிசி மூட்டை அதில் நேராக இறங்கும். பின்னது எஞ்சினை ஒட்டி இருக்கிறது. ஜூலை மாதம் இந்தியக் கடையிலிருந்து கொத்தமல்லிக் கட்டைப் பின்னால் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் ஓட்டினால், வீட்டுக்கு வரும்போது ரசத்தில் போட்ட மாதிரி கிடக்கும். பால், தயிர், கீரை எல்லாம் முன்னால்.

எங்கள் ஊர் கான்கிரீட் ஹைவேயில் டயர் சத்தம் அதிகம். சாதாரணமாகப் பேச முடியாது, கத்த வேண்டும். இடுப்பு வலி இருந்தால் ஏறி இறங்குவதை ஷோரூமில் பத்து முறை செய்து பாருங்கள். முதல் முறை ஜோராகத்தான் இருக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் மழுப்பாதீர்கள் தம்பி. டெக்சஸ் சட்டப்படி 8 வயதுக்குக் கீழே, 4 அடி 9 அங்குலம் எட்டாத பிள்ளைக்கு சைல்ட் சீட் கட்டாயம். மகனை முன்சீட்டில் உட்காரவைப்பதென்றால் ஏர்பேக் விஷயத்தை வண்டியின் புத்தகத்தில் படித்துவிட்டு முடிவெடுங்கள். எப்படியும் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இடம், யாருக்கு என்ற பஞ்சாயத்து வாராவாரம் நடக்கும். ஒடிஸி எப்போதும் வீட்டில் இருக்குமா, அல்லது உங்கள் மனைவி அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாரா? உங்கள் கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது, குதிரைத்திறனில் இல்லை.

வாங்கும் முன் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். டீலர் தருகிற பதினைந்து நிமிடத்தில் எந்தக் காரும் நல்ல கார்தான்.

கரிசல்காட்டான்:

எல்லோருக்கும் நன்றி. வைகைக்கரை அக்கா, மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒடிஸி பகலெல்லாம் கராஜில்தான் நிற்கிறது. பள்ளிக்கும் நீச்சல் வகுப்புக்கும் இப்போதும் அதில்தான் போகிறார்கள். சேலஞ்சரின் பின்சீட்டில் பிள்ளைகள் கடைசியாக எப்போது உட்கார்ந்தார்கள் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. அந்தத் தயக்கம் அத்தோடு போயிற்று.

வார இறுதிக்கு ஒரு 718-ஐ வாடகைக்கு எடுத்து லீக்கி பக்கம் போனேன். 337-ஆம் எண் ரோட்டில் லீக்கியிலிருந்து வாண்டர்பூல் வரை. போகாதவர்களுக்கு: மலையைச் செதுக்கிப் போட்ட ரோடு. ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் பள்ளம். சில வளைவுகளின் உள்பக்கத்தில் பொடிக்கல் சிதறிக் கிடக்கும். சேலஞ்சரில் அந்தக் கல்லைக் கண்ணால்தான் பார்த்திருக்கிறேன். இதில் உள்ளங்கைக்குத் தெரிந்தது. இடது முன் டயர் எதன் மேல் ஏறுகிறது, எப்போது பிடி தளர்கிறது, எல்லாம் ஸ்டியரிங் வழியாக வந்துகொண்டே இருந்தது. 45 மைலில் போனதற்கே வாய் வலிக்கச் சிரித்தேன். வளைவுக்குள்ளேயே கேஸ் கொடுக்கலாம் என்பது எனக்குப் புதிது. பொழுது சாய்ந்ததும் மான்கள் ரோட்டுக்கு வந்துவிட்டன, அதனால் திரும்பிவிட்டேன்.

ஆனால் அந்தச் சத்தம்! ஸ்பேனர் சொன்னது சரி. ஐட்லிங்கில் நின்றால் பக்கத்து வீட்டில் யாரோ தையல் மெஷின் ஓட்டுவது போல இருக்கிறது. ஆஸ்டினின் மோபாக் ஹைவே நெரிசலில் ஒரு மணி நேரம் அதைக் கேட்டபோது சேலஞ்சர் நினைப்பு வந்தது, மறைக்கவில்லை. ஆக, 718 வேண்டாம் என்று முடிவு.

சான் அன்டோனியோவில் ஒரு டீலரிடம் 2014 கேமன் எஸ் மேனுவல், 38,000 மைல், ஏறக்குறைய அதே விலையில் இருக்கிறது. நேரில் போய் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது கியர் மட்டும் ரொம்ப நீளம். 70 மைலைத் தாண்டியும் இழுத்துக்கொண்டே போகிறது, ஊருக்குள் முழுசாகப் பயன்படுத்தினால் டிக்கெட்தான். மற்றபடி எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் போகும்போது என் மனைவியே திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "இதுவும் காலைல ஆறரை மணிக்கு தெருவையே எழுப்புமா?" கொஞ்சம் எழுப்பும் என்றேன்.

சேலஞ்சரை வெளியே விற்கப் போட்டேன். கில்லீனிலிருந்து ராணுவத்தில் இருக்கும் ஒரு பையன் வந்து பார்த்துவிட்டு 33,000-க்குச் சரி என்றான். ஸ்பேனர் கணக்குப்படி டிரேட்-இன்னைவிட ஆயிரத்து அறுநூறு சொச்சம் லாபம்.

வி8 விசுவாசி, ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்.

இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் இன்றைக்கு வந்தது. ஸ்பேனர், இதைப் பாருங்கள்: எஞ்சின் ஓடிய நேரம் 1,150 மணி. ஓவர்-ரெவ் ரேஞ்ச் (எண் ஏற ஏற மீறிய அளவு அதிகம்) 1, 2, 3-ல் எண்கள் நிறைய. ரேஞ்ச் 4-ல் கொஞ்சம், கடைசியாக 310-வது மணியில். 5, 6 பூஜ்யம். பயப்பட வேண்டுமா?

ஸ்பேனர் (ஹூஸ்டன்):

வேண்டாம். முதல் மூன்றும் ரெட்லைனை (எஞ்சின் சுற்றலாம் என்று குறித்த உச்ச வரம்பை) தொட்டு ஓட்டியதற்கான பதிவு, ஸ்போர்ட்ஸ் காரில் அது இல்லாவிட்டால்தான் சந்தேகப்படுவேன். 4 என்பது யாரோ ஒருமுறை தவறான கியருக்கு இறக்கியது. 310-ல் நடந்து, அதற்கப்புறம் 840 மணி நேரம் ஒழுங்காக ஓடியிருக்கிறது. கெட்டுப்போவதாக இருந்தால் எப்போதோ போயிருக்கும். 38,000 மைலை 1,150 மணியால் வகுத்தால் சராசரி 33 மைல். மீட்டரில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

வாட்டர் பம்ப் பக்கம் கூலண்ட் காய்ந்த வெள்ளைத் தடம் இருக்கிறதா என்று கேளுங்கள். டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும், 3217 என்றால் 2017-ன் 32-வது வாரம் செய்தது. அப்படிப் பழசாக இருந்தால், தேயாமல் பளபளவென்று இருந்தாலும் நாலு டயருக்கான காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். குறைப்பார், அவருக்கும் தெரியும்.