போர்பிரியா நோய்ப் பரிசோதனைக்குச் சிறுநீர் மாதிரியை எங்கே கொடுக்கலாம்?

வணக்கம். என் தங்கச்சிக்கு 24 வயது. புதுக்குடியிருப்பில் இருக்கிறோம். வைகாசியில் இருந்து, மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் அவளுக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி வருகிறது. கூடவே வாந்தி, மலச்சிக்கல், நெஞ்சுப் படபடப்பு, கால்களில் பலவீனம். கடைசித் தடவை இரத்தத்தில் சோடியமும் குறைந்திருந்தது.

ஸ்கான், எண்டோஸ்கோப்பி, குடல்வால் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றிலும் பிழையில்லை. வாயு மருந்தும் கேட்கவில்லை. மனப்பயம் என்று சொல்லிக்கூட அனுப்பினார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வலி நேரத்தில் எடுத்த சிறுநீர்ப் போத்தல் யன்னலோரம் வெயிலில் இருந்தது. பின்னேரம் பார்த்தால் தேயிலைச் சாயம் மாதிரிக் கறுத்துச் சிவந்திருந்தது. அதைக் கண்ட பிறகுதான் ஒரு வைத்தியர் போர்பிரியாவாக இருக்கலாம் என்றார். ஈரலில் ஹீம் (இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருளின் ஒரு பகுதி) உண்டாகும் வழியில் ஒரு நொதி குறைந்து, போர்போபிலினோஜென் என்ற இடைப்பொருள் தேங்கிச் சிறுநீரில் இறங்குமாம். பட்டினி இதைத் தூண்டும் என்பதால் விரதங்களை நிற்பாட்டிவிட்டோம். குளுக்கோஸ் சேலைன் ஏற்றினால் கொஞ்சம் தணிகிறது.

மாதிரியை வலி இருக்கும்போதே எடுத்து, வெளிச்சம் படாமல் குளிரில் வைத்து அனுப்பவேண்டும். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ போர்போபிலினோஜென் பரிசோதனைக்கு மாதிரி ஏற்கும் ஆய்வுகூடம் எது?